ஹாம்பர் வேண்டாம், டியூட்டி கொடுங்கள்

பாரிட் புந்தார் வட்டாரத்தில் இசை இரவு, திருமுறை விழா, கோயில் திருவிழாக் கலைநிகழ்ச்சி என்று ஆண்டு முழுவதும் ஓடியாடி உழைக்கும் ஏற்பாட்டுக் குழுவினர் அனைவருக்கும்,

உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். மணிக்கூண்டுப் பக்கம் சக்கர நாற்காலியில் வருகிற அக்கா நான். ஆறு வருடத்துக்கு முன்னால் இனிப்பு நீர் முற்றி, என் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பு பதினெட்டு வருடம் பிறையில் ஓர் எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை. கடைசி ஏழு வருடம் லைன் லீடர். முப்பத்திரண்டு பெண்களில் யாருக்கு எந்த ஷிப்ட், யார் எம்சி, அவளுக்குப் பதில் யார் என்று பேக்டரி பஸ் வந்து சேர்வதற்குள் பட்டியல் போட்டு முடித்தவள். கால் போனபோது அந்தப் பட்டியல் போடும் மூளை கூடவே போய்விடவில்லை. இந்த மடல் அதைப் பற்றித்தான்.

சில வருடங்களுக்கு முன் ஓர் ஊரில் இசை இரவு நடந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். தொண்டர்கள் தேவை என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. உடனே பெயர் கொடுத்தேன். "நீங்க ஏன்க்கா சிரமப்படணும்? முன்வரிசையில இடம் போட்டுடறோம், வந்து உட்கார்ந்து பாருங்க" என்று பதில் வந்தது. போய் உட்கார்ந்தேன். இடைவேளையில் திடீரென்று ஒலிபெருக்கியில் என் பெயர். மேடைக்கு ஐந்து படி. நான்கு பிள்ளைகள் என்னை நாற்காலியோடு தூக்கினார்கள். ஒரு பக்கம் உயர்ந்தது, ஒரு பக்கம் சாய்ந்தது, சேலைத் தலைப்பு சக்கரத்தில் மாட்டிக்கொண்டு தோளை இழுத்தது. மேலே ஒரு பிரமுகர் கண்ணாடித்தாள் சுற்றிய ஹாம்பரை என் மடியில் வைத்தார். படம் எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பிரித்தால் மைலோ, கிரீம் பிஸ்கட், டின் பால். இனிப்பு நீரில் காலைக் கொடுத்தவளுக்கு அவ்வளவும் இனிப்பு.

அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. தோள் வலிக்க வலிக்கத் தூக்கினார்கள். எனக்கு ஆறாமல் இருப்பது வேறொன்று. நான் மேடையில் சிரித்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், மண்டப வாசலில் பதிவு மேசையில் ஒரே ஒரு பையன் தனியாகத் திணறிக்கொண்டிருந்தான். வரிசை வாசலைத் தாண்டி கார் நிறுத்துமிடம் வரை நீண்டிருந்தது. பெயர்ப் பட்டியல் அகரவரிசையில் இல்லை. டிக்கெட்டும் கைப்பட்டையும் ஒரே பெட்டியில் கலந்து கிடந்தன. உள்ளே வரும்போதே பார்த்தேன், கை பரபரத்தது. பத்து நிமிடத்தில் சீர்செய்திருப்பேன். அந்த வேலைக்குத்தான் பெயர் கொடுத்திருந்தேன்.

நம்மிடம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

நான் இந்த வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். நம் கெரியான் மாவட்டம் என்றால் இன்று எல்லாரும் வயல்வெளியைத்தான் சொல்வார்கள். நம் பூட்டன் பூட்டியர் இங்கே கப்பலேறி வந்தது கரும்பு வெட்ட. அப்போது கூலா பக்கமெல்லாம் கரும்புத் தோட்டம். 1906-இல் புக்கிட் மேரா நீர்த்தேக்கத்துத் தண்ணீர் வாய்க்காலில் இறங்கி நெல் தழைத்தது. கரும்பு போன இடங்களில் ரப்பர் ஏறியது. ஆலையில் விரல் போனவர், பால் ஸ்டோரில் அமிலம் பட்டுக் கண் போனவர், சின்ன வயதில் போலியோ வந்து கால் சூம்பியவர் என்று எல்லா லயத்திலும் ஆள் இருந்தார்கள். மாரியம்மன் திருவிழா வந்தால் அவர்களுக்கும் ஆளுக்கொரு வேலை இருந்தது. அதற்குத் தொண்டூழியம் என்று யாரும் பெயர் வைக்கவில்லை.

எங்கள் லயத்தில் ஒரு தாத்தா இருந்தார். இரண்டு கண்ணும் தெரியாது. பறை காய்ச்சுவது அவர் பொறுப்பு. சாயங்காலம் லயத்துக் கோடியில் காய்ந்த ரப்பர் இலையைக் குவித்துத் தீ மூட்டுவார்கள். அவர் வீட்டு வாசல் தூணிலிருந்து அந்த இடம் வரைக்கும் துணி காயப்போடும் கொடிக்கயிற்றை இழுத்துக் கட்டிவிடுவார்கள். அதைப் பிடித்துக்கொண்டு தானாக நடந்து வருவார். குந்தி உட்கார்ந்து, பறையை வாங்கி, தீக்கு மேலே வட்டமாகச் சுழற்றிக்கொண்டே இருப்பார். அவ்வப்போது புறங்கையைத் தோலுக்கு அருகில் கொண்டுபோய்ச் சூடு பார்ப்பார். பிறகு காதோரம் வைத்து விளிம்பில் ஒரு தட்டு, நடுவில் ஒரு தட்டு. "இன்னும் கொஞ்சம்" என்பார். மறுபடி தீ, மறுபடி தட்டு. சத்தம் திறந்து 'டங்'கென்று எழும்பியதும் பறையை நீட்டுவார். அடிக்கிற அண்ணன் வாங்கிக்கொண்டு ஓடுவார். நடுவில் மழை தூறினால் தோல் தொய்ந்துவிடும், ஊர்வலம் அப்படியே நிற்கும், பறைகள் தாத்தாவிடம் திரும்பி வரும். கங்காணி வீட்டுக்காரர்கள்கூட அவர் முடிக்கும்வரை காத்துக்கொண்டுதான் நிற்பார்கள். கண் தெரிந்த யாரும் அந்த வேலையை அவரைப்போல் செய்ததில்லை.

பிறகு தோட்டங்கள் கைமாறின, துண்டாடப்பட்டன, நாம் தாமான் வீடுகளுக்கு வந்தோம். திருவிழா மண்டபத்துக்கும் வாடகைக் கெமாக் கூடாரத்துக்கும் போனது. மேடை உயர்ந்தது. அந்தக் கொடிக்கயிற்றைக் கட்டுகிற வழக்கம் மட்டும் எங்கோ விடுபட்டுப் போயிற்று.

கயிறு என்றதும் உங்களில் திருமுறை வகுப்பு எடுப்பவர்களுக்குத் தண்டியடிகள் நினைவுக்கு வந்திருப்பார். அறுபத்துமூவரில் ஒருவர், திருவாரூர்க்காரர், பிறவியிலேயே கண் தெரியாதவர். கோயில் குளம் தூர்ந்து போயிருக்கிறது, அதைத் தோண்டி அகலப்படுத்த வேண்டும் என்று அவருக்கு ஆசை. குளத்துக்குள் ஒரு தறி நட்டார், கரையில் ஒரு தறி நட்டார், இரண்டையும் இணைத்துக் கயிறு கட்டினார். அதைத் தடவிக்கொண்டே உள்ளே இறங்கி மண்ணை வெட்டி, கூடையில் சுமந்து, கயிற்றைத் தடவிக்கொண்டே கரையேறிக் கொட்டினார். வேண்டாதவர்கள் வந்து மண்வெட்டியையும் கூடையையும் பறித்து, தறியையும் பிடுங்கிப் போட்டார்கள் என்று பெரிய புராணம் சொல்கிறது. கடைசியில் இறைவன் அருளால் அவருக்குக் கண் கிடைத்தது. பிள்ளைகளுக்கு நாம் அந்த முடிவைத்தான் அழுத்திச் சொல்லிக்கொடுக்கிறோம். எனக்கு மனத்தில் நிற்பது அந்தத் தறியும் கயிறும்தான். கண் வந்த பிறகு தொண்டு செய்கிறேன் என்று அவர் காத்திருக்கவில்லை. தனக்கு வேண்டிய வழியைத் தானே போட்டுக்கொண்டு வேலையை ஆரம்பித்தார்.

மேடையேறிப் பாடுகிறவர், வாசிக்கிறவர் என்றால் நம் சமூகத்துக்கு எந்தத் தயக்கமும் இருந்ததில்லை. கும்பகோணத்தில் சரப சாஸ்திரி என்ற கண் தெரியாத மேதை 1904-இல் காலமாவதற்குள் புல்லாங்குழலைக் கச்சேரி வாத்தியமாகவே நிலைநாட்டிவிட்டுப் போனார். சிறு வயதிலேயே பார்வை இழந்த வயலின் வித்வான் எம். சந்திரசேகரனுக்குச் சென்னை மியூசிக் அகாடமி 2005-இல் சங்கீத கலாநிதி விருது கொடுத்தது. கலைஞராக வந்தால் கைகூப்பி வரவேற்கிறோம். அதே மேடைக்குப் பக்கத்தில் நின்று அடுத்த நிகழ்ச்சிக்குப் பிள்ளைகளை வரிசைப்படுத்தவோ, வாசலில் சீட்டுக் கிழிக்கவோ ஒரு மாற்றுத்திறனாளி வந்தால் நமக்கு மனசு பதறுகிறது. விழுந்துவிடுவாரோ, களைத்துவிடுவாரோ, பார்க்கிறவர்கள் நம்மை என்ன நினைப்பார்களோ என்று. பதற்றம் அன்பினால் வருகிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த அன்பு எங்களை நாற்காலியிலேயே உட்காரவைத்து விடுகிறது.

இது ஏதோ நாலு பேர் விஷயம் என்று நினைக்காதீர்கள். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் இந்த நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. கிட்டத்தட்ட மூன்று பேரில் ஒருவர். அடுத்த விழாவில் உங்கள் கூட்டத்தைத் திரும்பிப் பாருங்கள். பாதம் மரத்துப் போனவர், கண்ணில் லேசர் பிடித்துக்கொண்டு வந்தவர், வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் போகிறவர் எல்லாரும் அங்கே இருப்பார்கள். உங்கள் செயலவையிலேயே இருப்பார்கள். அவர்கள் ஒவ்வொருவராக விலகிப் போவதை "இப்பல்லாம் யாரும் வேலைக்கு வர்றதில்லை" என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

போன வருடம் எனக்கு ஒரு நாள் வாய்த்தது. அதைச் சொன்னால் நான் கேட்பது என்னவென்று உங்களுக்கே புரிந்துவிடும்.

பிள்ளைகள் திருமுறையும் பக்திப் பாடல்களும் பாடுகிற விழா. செயலவைக்குப் புதிதாக வந்த ஒரு தங்கை நேரே வீட்டுக்கு வந்தாள். "பதிவு மேசை உங்க பொறுப்புக்கா. உங்களுக்கு என்னென்ன வேணும்னு சொல்லுங்க, எழுதிக்கறேன்" என்றாள். முதல் வாக்கியத்தை எத்தனையோ பேர் சொல்லக்கூடும். இரண்டாவது வாக்கியத்தை என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் கேட்டேன். சொன்னேன். மேசைக்கு அடியில் கால் வைக்க இடம் வேண்டும், தரைவரை தொங்குகிற மேசைத் துணி வேண்டாம், அது சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். கழிவறைக் கதவை முன்கூட்டியே அளந்து பார்க்க வேண்டும். ஊசி போடுகிறவள், எனக்குச் சாப்பாடு பன்னிரண்டரைக்கு வந்தாக வேண்டும், "எல்லாரும் சாப்பிட்ட பிறகு தொண்டர்கள்" என்கிற நம் வழக்கம் எனக்கு ஒத்துவராது. நான்கு மணி நேரத்துக்கு ஒரு ஷிப்ட், அதற்கு மேல் உட்கார்ந்தால் வெட்டிய காலில் வீக்கம் வரும். அவ்வளவுதான். ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை.

முதல் நாள் ராத்திரி கொட்டிய மழையில் திடல் சேறாகிவிட்டது. நம் ஊர்க் களிமண் உங்களுக்குத் தெரியும். காரிலிருந்து இறங்கிய இடத்திலேயே என் சக்கரம் புதைந்தது. திரும்பிப் போய்விடலாமா என்றுகூட இருந்தது. கெமா போட வந்த அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் லோரியிலிருந்து பிளைவுட் பலகைகளை இறக்கி, கார் நிறுத்துமிடத்திலிருந்து மேசை வரை ஒன்றையொன்று தொட்டாற்போல் போட்டுவிட்டுப் போனார். அரை மணி நேரத்தில் அந்தப் பலகை எனக்கு மட்டும் உரியதாக இல்லை. ஊன்றுகோல் பாட்டிகள் அதன் மேல் வந்தார்கள். குழந்தை வண்டி தள்ளிய அம்மாக்கள் வந்தார்கள். ஹார்மோனியப் பெட்டியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பட்டுப்பாவாடை நனையாமல் பிள்ளைகள் ஒற்றை வரிசையில் வந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிய தலைவரும் அதன் மேல்தான் வந்தார்.

பத்து மணி வாக்கில் ஒரு பையன் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். எட்டு வயது இருக்கும். நெற்றியில் திருநீறு வியர்வையில் கரைந்திருந்தது. நான் உட்கார்ந்திருக்கிற உயரத்துக்கு அவன் கண்ணும் என் கண்ணும் நேர்க்கோட்டில் இருந்தன. மெதுவாக என் காதருகே வந்து, "ஆண்ட்டி, எனக்கு ரெண்டாவது வரி மறந்துபோச்சு" என்றான். நின்றுகொண்டிருந்த பெரியவர்கள் எத்தனையோ பேர், அவன் அவர்களிடம் போகவில்லை. "வாயைத் திறக்காம மெட்டை மட்டும் முனகு" என்றேன். முனகினான். மூன்றாவது தடவை முனகும்போது வார்த்தை தானாக வந்துவிட்டது. ஓடிப்போனான். அவன் எண் இருபத்தேழு. ஒலிபெருக்கியில் இருபத்தேழு என்று கேட்டபோது சீட்டைக் கிழித்துக்கொண்டிருந்த என் கை நின்றது. பாடினான், இரண்டாவது வரியும் சேர்த்து.

அதே நாள் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டவர் காது கேளாத ஒரு தம்பி. எல்லாருக்கும் வாக்கி-டாக்கி கொடுத்தார்கள். அவருக்கு அது உதவாது. அதனால் வாட்ஸ்அப்பில் எழுதிக்கொண்டோம். "இடது பக்கம் நிரம்பிவிட்டது", "பஸ் வருகிறது" என்று. மத்தியானத்துக்குள் மற்றத் தொண்டர்களும் வாக்கி-டாக்கியை வைத்துவிட்டு எழுத ஆரம்பித்துவிட்டார்கள். ஸ்பீக்கர் இரைச்சலில் அவர்களுக்கும்தான் ஒன்றும் கேட்கவில்லை. காது கேளாதோருக்கான கூட்டரசுப் பள்ளி 1954-இலேயே பினாங்கில் வந்துவிட்டது, நமக்கு அடுத்த மாநிலம். அங்கே படித்துவிட்டு வந்தவர்கள் நம் வட்டாரத்தில் இல்லாமலா இருப்பார்கள்? எந்த விழாவிலாவது அவர்களைத் தேடிப் போயிருக்கிறோமா?

குறை இல்லாத நாளும் இல்லை அது. மேடைப் பக்கம் ஸ்பீக்கர் வயர் குறுக்கே கிடந்தது, அதைத் தாண்ட என்னால் முடியவில்லை, பரிசளிப்பைத் தூரத்திலிருந்துதான் பார்த்தேன். வயரை ஓரமாகச் சுற்றிக் கொண்டுபோனால், அல்லது மேலே ரப்பர் மூடி போட்டால் போதும். இருட்டில் பிள்ளைகள் தடுக்கி விழுவதும் அந்த வயரில்தான்.

சரிவுப் பாதை பற்றிக் கேட்பீர்கள். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. நீங்கள் வாடகைக்கு எடுக்கிற மூன்றடி மேடைக்கு முப்பத்தாறு அடி சரிவு வேண்டும், அது நடக்காது, எனக்கும் தெரியும். ஆறடிப் பலகையைச் செங்குத்தாகச் சாத்திவிட்டு "ரேம்ப் போட்டாச்சு" என்று சொல்லாதீர்கள், அதில் ஏறினால் நான் மல்லாந்து விழுவேன். மேடையை ஓரடியாகத் தாழ்த்துங்கள். பன்னிரண்டடிச் சரிவு திடலில் தாராளமாகக் கொள்ளும். பிள்ளைகள் பாடுகிற விழாவுக்கு ஓரடி மேடை தாராளம். முடியாவிட்டால் அந்த நிகழ்ச்சியைத் தரையிலேயே வையுங்கள், கோயில் மண்டபத்தில் ஓதுவார்கள் தரையில் அமர்ந்துதானே பாடுகிறார்கள்.

பதிவுப் பாரத்தில் "ஊனம் உண்டா, இல்லையா" என்று கேட்காதீர்கள். அதைப் பார்த்ததும் பாதிப் பேர் பாரத்தை மடித்து வைத்துவிடுவார்கள். "இந்த வேலையைச் செய்ய உங்களுக்கு என்ன வசதி வேண்டும்?" என்று கேளுங்கள். கர்ப்பிணித் தங்கையும் எழுதுவாள், முட்டி வலிக்கிற தாத்தாவும் எழுதுவார். அறிவிப்பைப் படமாக மட்டும் அனுப்பாதீர்கள். கண் தெரியாதவரின் கைப்பேசி எழுத்தை வாசித்துக் காட்டும், படத்தில் உள்ளதைப் பல நேரம் அது தவறவிட்டுவிடும். இரண்டு வரி எழுதி அனுப்புங்கள், அல்லது குரல் பதிவு போடுங்கள். கூட ஒருவர் துணைக்கு வந்தால் அவருக்கும் ஒரு பொட்டலம் சாப்பாடு சேர்த்துச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் பெரிய பணம் தேவைப்படாது. ஹாம்பருக்கு ஒதுக்குவதில் பாதி போதும்.

சீமையில் இதை ஒழுங்காகவே செய்து பார்த்துவிட்டார்கள். 2000-இல் சுசான் புல் என்ற மாற்றுத்திறனாளிப் பெண்மணி 'ஆட்டிட்யூட் இஸ் எவ்ரிதிங்' என்ற அமைப்பை இங்கிலாந்தில் தொடங்கினார். இசை நிகழ்ச்சிகளுக்கு மாற்றுத்திறனாளித் தொண்டர்களே ரசிகர்களாகப் போவார்கள். எங்கே வழி அடைந்திருந்தது, எந்தக் கழிவறைக்குள் திரும்ப முடியவில்லை என்று எழுதிக் கொடுப்பார்கள். அதை வைத்து விழாக்களுக்குத் தரம் கொடுத்தார்கள். வயல்வெளியில் சேற்றுக்குப் பேர்போன கிளாஸ்டன்பரி விழாவிலேயே சக்கர நாற்காலிக்காரர்களுக்கு உயர்மேடையும் தனிக் கூடாரத் திடலும் உண்டு. அங்கேயும் சேறுதான், இங்கேயும் சேறுதான்.

நம் நாட்டில் 2008-இல் மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தது. மலேசியச் சைகை மொழியை அது அங்கீகரித்திருக்கிறது. பண்பாட்டு நிகழ்ச்சிகளில் பங்கெடுக்க எங்களுக்கு உரிமை உண்டு என்கிறது. மீறினால் தண்டனை என்று அதில் எதுவும் இல்லை. 2010-இல் நாடு ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாட்டு உடன்படிக்கையில் ஒரு வாசகம் எனக்கு மிகவும் பிடிக்கும். மாற்றுத்திறனாளிகளின் கலைத்திறனும் அறிவும் வளர்வது அவர்கள் நன்மைக்காக மட்டும் இல்லை, சமுதாயம் செழிக்கவும்தான் என்ற பொருளில் அது போகும். எங்களிடமிருந்து உங்களுக்கு வர வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது என்றே நான் அதைப் படித்துக்கொள்கிறேன்.

கடைசியாக, உங்கள் கூட்டம். அடுத்த விழாவுக்கான முதல் கூட்டத்துக்கு அறிவிப்பு வந்தது, பார்த்தேன். வழக்கம்போல் கடைவீட்டு மாடியில், இரவு எட்டு மணிக்கு. அந்த மாடிக்கு இருபத்திரண்டு படி. கால் இருந்த காலத்தில் எண்ணியது. டியூட்டி பிரிப்பது அங்கேதான் நடக்கிறது. அங்கே ஏற முடியாதவரின் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது, பிறகு அவருக்கு ஹாம்பர் பட்டியல்தான் மிஞ்சும். மாடிக்கு நேர் கீழே ஒட்டுக்கடை இருக்கிறது. எட்டு மணிக்கு மேல் அங்கே கூட்டம் இருக்காது, மேசைகளைச் சேர்த்துப் போட்டால் பதினைந்து பேர் உட்காரலாம், வாசலில் படியும் இல்லை. கடைக்கார அங்கிளிடம் நேற்றே கேட்டுவிட்டேன், சரி என்றார். போன வருடத்துத் தொண்டர் பட்டியலை அகரவரிசையில் திருத்தி எழுதி வைத்திருக்கிறேன், கொண்டுவருகிறேன். காது கேளாத அந்தத் தம்பியும் வருகிறேன் என்று எழுதியிருக்கிறார். யார் எந்த ஷிப்ட் என்று அங்கேயே உட்கார்ந்து போட்டுவிடலாம். எனக்குக் காலை ஷிப்ட் போதும்.

அன்புடன்,
பதிவு மேசை அக்கா
பாரிட் புந்தார்